நேரான பின்னங்காலைப் பார்த்தால் எனக்கு ஏன் தயக்கம்

குதிரை வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து முன்னங்கால்களைத்தான் தடவிப் பார்ப்பார்கள். முழங்கால் நேராக இருக்கிறதா, குளம்பு திரும்பியிருக்கிறதா, எங்காவது வீக்கம் உண்டா என்று எல்லா விசாரணையும் முன்பக்கத்தில்தான். பின்பக்கம் போனதும் "நல்ல சதைப்பிடிப்பு" என்று இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுவார்கள். நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது, நொண்டலும் அங்கேதான் அதிகம் வருகிறது. அதனால் அந்தக் கவனத்தில் தப்பில்லை. ஆனால் குதிரையைத் தள்ளிக்கொண்டு போவது பின்னங்கால். மேடு ஏறுவது, தாண்டுவது, சட்டென்று நிற்பது, சவாரி செய்பவரின் கீழே உடலைச் சுருக்கித் தூக்குவது எல்லாம் அதன் வேலை. அந்தக் காலின் கோணம் கொஞ்சம் மாறினாலும் ஒவ்வொரு எட்டிலும் சுமை வேறு இடத்தில் போய் விழும்.

நொண்டலிலிருந்து தேறி வரும் குதிரைகளுக்கு நடைப்பயிற்சி கொடுத்து, படிப்படியாகச் சவாரிக்குத் திருப்புவது என் வேலை. மருத்துவம் டாக்டர் பார்ப்பார், லாடம் அடிக்கும் அண்ணன் குளம்பைப் பார்ப்பார், தினமும் கூட நடப்பது நான். என்னிடம் வரும் குதிரைகளில் பலவற்றுக்கு அதற்கு முன்பே ஒரு பட்டப்பெயர் விழுந்திருக்கும். சோம்பேறி, பிடிவாதக்காரி, முதுகு வலிக்காரன். பின்னங்கால் வலி அப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. முன்னங்காலில் வலி என்றால் குதிரை தலையை ஆட்டி ஊருக்கே சொல்லிவிடும். பின்னங்காலில் வலி என்றால் இடுப்பின் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். இரண்டு காலிலும் சமமாக வலி இருந்தால் அதுகூடத் தெரியாது. எட்டு சுருங்கும், குளம்பின் முனை தரையில் உரசும், இறக்கத்தில் தயங்கும், ஒரு பக்கம் கேன்டர் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) எடுக்க மறுக்கும். பார்க்கிறவர்கள் பழியைக் குணத்தின் மேல் போட்டுவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பின்னங்காலில் இரண்டு மூட்டுகளை நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். வயிற்று மடிப்பை ஒட்டி மேலே இருப்பது ஸ்டைஃபிள். நம் முழங்காலுக்குச் சமமானது, முன்னால் சில்லும் உண்டு. அதற்குக் கீழே பின்பக்கமாக முனை துருத்தி நிற்பது ஹாக், நம் கணுக்காலுக்குச் சமமானது. குதிரையால் இவை இரண்டையும் தனித்தனியாக மடக்க முடியாது. ஸ்டைஃபிள் மடங்கினால் ஹாக்கும் மடங்கியாக வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஓடும் நார்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. அதனால் ஹாக் நேராக இருக்கும் குதிரைக்கு ஸ்டைஃபிளும் நேராகத்தான் இருக்கும். கீழே தெரியும் கோணத்தை வைத்து மேலே சதைக்குள் மறைந்திருப்பதையும் ஊகிக்கலாம்.

பார்க்கும் முறை பழையதுதான், இன்றைக்கும் அதுவே போதும். சமமான, கெட்டியான தரையில் குதிரையை நிறுத்தி, பக்கவாட்டில் நான்கைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். புட்டத்து எலும்பின் பின்முனையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு ஹாக்கின் முனையைத் தொட்டு, ஹாக்குக்குக் கீழே இருக்கும் நீண்ட கேனன் எலும்பின் பின்பக்கத்தை ஒட்டியே இறங்கி, குதிகாலுக்குச் சில அங்குலம் பின்னால் தரையைத் தொட வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் அதே கோடு ஹாக், கேனன், ஃபெட்லாக் (குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் மூட்டு), குளம்பு எல்லாவற்றையும் நடுவாகப் பிளக்க வேண்டும். எந்தக் குதிரையும் கால்களைச் சதுரமாக வைத்து நமக்காகக் காத்திருக்காது. ஒரு காலை முன்னே வைக்கும், இன்னொன்றைத் தளர்த்தி ஓய்வு கொடுக்கும். அதனால் நடத்தி வந்து நிறுத்தி, மறுபடி நடத்தி வந்து நிறுத்தி, பல முறை பார்க்க வேண்டும். நான் எப்போதும் கேனன் செங்குத்தாக நிற்கிற காலை மட்டுமே கணக்கில் எடுப்பேன். கேனன் சாய்ந்திருக்கும் படத்தைக் காட்டி "இது என்ன கால்?" என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

எல்லோருக்கும் கண்ணில் படுகிற குறை அரிவாள் கால். ஹாக் மூட்டு அளவுக்கு மீறி மடங்கியிருக்கும். புட்டத்துக்கு நேர் கீழே ஹாக் முனை இருந்தாலும், அங்கிருந்து கேனன் முன்னோக்கிச் சாய்ந்து, குளம்பு வயிற்றுக்குக் கீழே போய் நிற்கும். ஹாக்கின் கோணத்தை முன்பக்கமாக அளந்தால் ஏறக்குறைய 155 முதல் 165 டிகிரி வரை சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நன்றாகக் கீழே இறங்கினால் அரிவாள். இந்தக் காலில் சுமை ஹாக்கின் பின்பக்கத்தில் இழுவிசையாகவும், முன்பக்கத்தில் நசுக்கும் விசையாகவும் விழுகிறது. இழுபடும் இடத்தில் வருவது கர்ப். ஹாக் முனைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே, பின்பக்கத்தில் எழும்பும் வீக்கம் அது.

கர்ப்பைக் கண்டுபிடிக்கப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஹாக் முனையிலிருந்து ஃபெட்லாக் வரை பின்விளிம்பு ஸ்கேல் வைத்தாற்போல் நேராக ஓட வேண்டும். வழியில் சின்னதாக வெளியே வளைந்தால் விரலை வைத்துத் தடவுங்கள். இங்கே பலர் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. கேனனின் வெளிப்பக்கம் இருக்கும் பக்க எலும்பின் தலை சில குதிரைகளுக்குப் பெரிதாக இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அதுவும் கர்ப் மாதிரியே தெரியும். விரலை நடுக்கோட்டில் வைத்து இறக்கினால் வித்தியாசம் உடனே புரியும். நடுவில் வழுவழுப்பாக நேராக இறங்கி, வெளி ஓரத்தில் மட்டும் கெட்டியாக எலும்பு தட்டுப்பட்டால் அது கர்ப் இல்லை. நடுவிலேயே வீங்கி, சூடும் வலியும் இருந்தால் அல்ட்ராசவுண்ட் எடுக்காமல் விடக்கூடாது. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் வெறும் வீக்கமும் இருக்கலாம், தசையை எலும்போடு இணைக்கும் மடக்குத் தசைநாண் கிழிந்தும் இருக்கலாம், எலும்போடு எலும்பைக் கட்டும் நீண்ட தசைநாரும் அடிபட்டிருக்கலாம். வெளியிலிருந்து மூன்றும் ஒரே மாதிரி தெரியும். தேறுவதற்கு ஆகும் காலமோ மூன்றுக்கும் வேறு வேறு.

நசுங்கும் இடத்தில் வருவது எலும்பு ஸ்பேவின். ஹாக் என்று ஒரே மூட்டாகச் சொல்கிறோமே தவிர, அது நான்கு அடுக்கு மூட்டு. அசைவில் பெரும்பங்கு மேல் அடுக்கில் நடக்கிறது, கீழ் இரண்டு அடுக்கும் கொஞ்சம்தான் நகரும். அந்தக் கீழ் அடுக்குகளில் வரும் மூட்டுத் தேய்மானம்தான் ஸ்பேவின். பெரும்பாலும் உட்பக்கத்தில் தொடங்கும். குதிரை நடக்க ஆரம்பிக்கும்போது விறைப்பாக இருக்கும், உடல் சூடானதும் இளகும், மறுநாள் காலை மறுபடி விறைப்பு. ஐஸ்லாந்துக் குதிரைகளில் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். சவாரிக்குப் பயன்பட்ட 614 குதிரைகளுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்பேவின் அறிகுறி இருந்தது. ஹாக் கோணத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதையும் கண்டார்கள். ஆறுதலான ஒரு சங்கதியும் உண்டு. கீழ் அடுக்கு மூட்டுகள் அதிகம் நகராதவை என்பதால், தேய்ந்து தேய்ந்து கடைசியில் அவை எலும்போடு எலும்பாகச் சேர்ந்துவிட்டால் வலி நின்றுபோவதுண்டு. அதுவரை வலியைக் குறைத்து, அளவான வேலை கொடுத்து ஓட்ட வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், அளவான அரிவாள் காலைப் பார்த்து நான் மிரள்வதில்லை. ஓடும்போதே நின்று திரும்பும் வேலைக்குப் பழக்கும் குதிரைகளில் ஹாக் கொஞ்சம் கூடுதலாக மடங்கியிருப்பதை விரும்பி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கர்ப் வந்து ஆறிய தழும்போடு காலமெல்லாம் நன்றாக உழைத்த குதிரைகள் உண்டு.

எனக்குத் தயக்கம் தருவது இதற்கு நேர் எதிரான கால். ஹாக்கும் ஸ்டைஃபிளும் நேராகி, மேலிருந்து கீழே ஒரே கம்பம் போல இறங்கும் பின்னங்கால். பிரச்சினை என்னவென்றால், அது பார்க்க அழகாக இருக்கும். குதிரை உயரமாகவும் நிமிர்ந்தும் தெரியும். படத்தில் கம்பீரமாக விழும். அரிவாள் காலைக் குறை என்று தள்ளுகிறவர்களே இதைப் பார்த்து "கால் எவ்வளவு சுத்தம்!" என்பார்கள். ஓரளவுக்கு அதில் உண்மையும் இருக்கிறது. சுவீடனில் ஹோல்ம்ஸ்ட்ரம் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மேல்மட்டத்து டிரஸாஜ் (நுணுக்கமான நடை அசைவுகளைச் செய்து காட்டும் சவாரிப் போட்டி) குதிரைகளுக்கும் தாண்டும் குதிரைகளுக்கும் மற்றக் குதிரைகளைவிட ஹாக் கோணம் பெரிதாக இருந்தது. அதாவது கொஞ்சம் திறந்த ஹாக் திறமைக்கு உதவுகிறது. ஆனால் அந்தப் பாதையில் இன்னும் நான்கைந்து டிகிரி போனால் கதையே மாறிவிடும், அந்த எல்லை கண்ணுக்குச் சுலபமாகத் தெரிவதுமில்லை.

காரணம் எளிது. கால் தரையில் இறங்கும்போது ஹாக்கும் ஸ்டைஃபிளும் கொஞ்சம் மடங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே நேராக இருக்கும் மூட்டு குறைவாகத்தான் மடங்கும், வாங்கும் அதிர்ச்சியும் குறையும். மிச்சம் கீழே இறங்கி ஃபெட்லாக்கில் விழும். ஃபெட்லாக்கைத் தாங்கிப் பிடித்திருப்பது சஸ்பென்சரி தசைநார். பின்னங்காலில் அது தொடங்கும் இடம் கேனனுக்கும் இரண்டு பக்க எலும்புகளுக்கும் நடுவில், பின்னால் கெட்டியான ஒரு சவ்வும் மூடிய, ஒடுக்கமான அறை. அடிபட்டு வீங்கினால் விரிய இடமில்லை, பக்கத்தில் ஓடும் நரம்பை நெருக்கும். முன்னங்காலில் அதே தசைநார் அடிபட்டால் ஓய்வு கொடுத்து மீட்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பின்னங்காலில் அப்படிச் சொல்ல முடியாது. அதற்கென்று அந்த நரம்பை வெட்டி, சவ்வைத் திறந்துவிடும் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. குதிரை மருத்துவர் சூ டைசனும் உடன் பணியாற்றியவரும் 2012இல் வெளியிட்ட 155 குதிரைகளின் கணக்கில், வேறு சிக்கல் இல்லாதவற்றில் பெரும்பாலானவை வேலைக்குத் திரும்பின. ஹாக் நேராகவும் ஃபெட்லாக் தாழ்ந்தும் இருந்த குதிரைகளுக்கு மட்டும் அந்தச் சிகிச்சை கைகொடுக்கவில்லை. நான் இந்தக் காலைப் பார்த்துத் தயங்குவதற்கு முதல் காரணமே அதுதான். மற்றக் குறைகளில் நோய் வந்தால் சிகிச்சை உண்டு. இதில் அந்த அமைப்பே சிகிச்சையைத் தோற்கடிக்கிறது.

இரண்டாவது காரணம் ஸ்டைஃபிள். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது தெரிந்ததுதான். அது நடப்பது ஸ்டைஃபிளில். சில்லிலிருந்து இறங்கும் மூன்று தசைநார்களில் உட்பக்கத்தது, தொடை எலும்பின் உட்பக்க மேட்டின் மேல் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொள்ளும், கால் பூட்டப்படும், தசை உழைக்காமலே எடை நிற்கும். கிளம்ப நினைத்தால் தொடைத் தசை சில்லை இழுத்துக் கொக்கியை விடுவிக்கும். கால் நேராக இருக்கும் குதிரைக்குச் சில்லு எப்போதும் அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தசையும் மெலிந்திருந்தால், வேண்டாத நேரத்திலும் பூட்டிக்கொள்ளும்.

செம்பி என்று ஒரு பெண் குதிரை என்னிடம் வந்தாள். இளம் வயது, நீண்ட கால், மெலிந்த உடம்பு, பின்னங்கால் இரண்டும் நேர்க்கோடு. நாள் முழுக்கக் கட்டியே வைத்திருந்தார்கள். காலையில் லாயத்திலிருந்து வெளியே கூட்டி வந்தால் முதல் எட்டு வராது. இடது பின்னங்கால் விறைத்துப் பின்னால் நீண்டு நிற்கும், குளம்பின் முன்முனை தரையில் கோடு கிழித்துக்கொண்டே வரும். நான் நிறுத்தி, மார்பில் கை வைத்து ஓர் எட்டுப் பின்னால் தள்ளுவேன். உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம், கால் வெடுக்கென்று மேலே போய் இறங்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி நடப்பாள். ஹாக்கின் முன்பக்கம், உட்புறமாக, மெத்தென்று ஒரு வீக்கமும் இருந்தது. அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும்பும். மேல் அடுக்கு மூட்டில் நீர் கோர்த்திருந்தது, அதுதான் நீர் ஸ்பேவின். சூடும் இல்லை, வலியும் இல்லை.

உடனே அந்தத் தசைநாரை வெட்டிவிடலாம் என்று வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் சொன்னார்கள். அப்படி ஒரு பழைய அறுவை இருக்கிறது, பூட்டும் உடனே விடும். ஆனால் வெட்டிய பிறகு சில்லின் நிலை மாறி, அதன் கீழ்முனையில் எலும்பு சிதறுவதுண்டு. ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய் ஆயுளுக்கும் மூட்டு வலி. அதனால் டாக்டர் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டார். முதலில் தீனியைச் சரிசெய்து உடம்பு போட வைத்தோம். கட்டி வைப்பதை நிறுத்தி, பகலெல்லாம் வெளியே விட்டோம். குளம்பின் முன்முனையை அண்ணன் சுருக்கினார். பயிற்சி எல்லாம் நேர்க்கோட்டில்தான், வட்டமாக ஓட்டுவதே இல்லை. முதலில் நடை, பிறகு லேசான மேடு, பிறகு தரையில் கிடத்திய கம்பங்களைத் தாண்டி நடப்பது. மேடு ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசைக்கு நல்ல வேலை, சில்லை இழுத்து விடுவிப்பதும் அதே தசைதான். தசை ஏற ஏறப் பூட்டுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. இப்போது நல்ல சவாரிக் குதிரை. ஹாக்கில் நீர் அப்படியேதான் இருக்கிறது. தாண்டுவதற்கு அவளை நாங்கள் எடுப்பதில்லை, எடுக்கவும் மாட்டோம். நோய்வாய்ப்பட்டு நீண்ட ஓய்வில் கிடந்தால் பூட்டு திரும்பி வரலாம் என்பது தெரிந்தே இருக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓராண்டு, ஈராண்டு வயதுக் குட்டிகளைப் பார்த்து நேர்க்கால் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். வளரும் காலத்தில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயர்ந்து நிற்கும், அப்போது கால் இருப்பதைவிட நேராகத் தெரியும். முன்பக்கம் எட்டிப் பிடித்ததும் கோணம் திரும்பலாம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். வயதான குதிரை, சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தில் ஹாக் ஒழுங்காக இருக்கிறது, இன்றைக்கு நேராக இருக்கிறது என்றால், அது பிறவி அமைப்பில்லை. சஸ்பென்சரி தசைநார் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, ஃபெட்லாக் தரையை நோக்கி இறங்கி, அதற்கு ஈடாக ஹாக் நிமிர்ந்துகொண்டு போகிற நோய் ஒன்று உண்டு. பெருவியன் பாஸோ இனத்தில் அதிகம் கண்டிருக்கிறார்கள், மற்ற இனங்களிலும் வருகிறது. பெரும்பாலும் இரண்டு பின்னங்காலிலும் சேர்ந்தே வரும், குணமாக்கும் மருந்து கிடையாது. பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்று இந்தக் குதிரையை மேடு ஏற்றுவது கொடுமை. என்னிடம் அனுப்பப்படும் நேர்க்கால் குதிரைகளில் முதலில் நான் பார்ப்பது ஃபெட்லாக் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைத்தான்.

பின்னாலிருந்து தெரியும் குறைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவற்றைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. மாட்டுக் கால் என்றால் ஹாக் முனைகள் ஒன்றையொன்று நெருங்கி, கீழே குளம்புகள் அகன்று வெளியே திரும்பியிருக்கும். சுமை ஹாக்கின் உட்பக்கத்தில் கூடுவதால் ஸ்பேவினுக்கு வாய்ப்பு கூடும். ஆனால் தொடையிலிருந்து குளம்பு வரை முழுக்காலும் ஒரே சீராகக் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தால் அது குறையே இல்லை. கால் முன்னே வரும்போது ஸ்டைஃபிள் வயிற்றின் பக்கவாட்டில் இடிக்காமல் ஒதுங்க வேண்டுமே, அதற்கு இயற்கை கொடுத்த திருப்பம் அது. அரபுக் குதிரைகளில் சகஜம். கிளைட்ஸ்டேல் போன்ற வண்டிக் குதிரைகளில் ஹாக் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று இனத் தரத்திலேயே எதிர்பார்க்கிறார்கள். ஹாக்கில் வந்து திடீரென்று முறுக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதற்கு எதிரான வில் கால் எனக்கு அதைவிடக் கவலை தருவது. ஹாக் இரண்டும் வெளியே வளைந்து, குளம்புகள் உள்ளே திரும்பியிருக்கும். பின்னாலிருந்து நடக்க விட்டுப் பார்த்தால், குளம்பு தரையைத் தொட்ட பிறகு எடை ஏறும்போது வெளிப்பக்கமாகத் திருகிக்கொள்ளும். ஒவ்வோர் எட்டிலும் ஹாக் ஒரு முறுக்கு வாங்குகிறது. லாடத்தின் வெளிப்பக்கம் சீக்கிரம் தேயும், ஆணி தளரும். லாடம் அடிக்கும் அண்ணன் கழற்றிய பழைய லாடங்களைத் தூக்கிப் போடும் முன் நான் வாங்கிப் பார்ப்பது இதற்காகத்தான்.

பக்கவாட்டில் முழுக்காலும் கோட்டுக்கு முன்னே போய் வயிற்றுக்கு அடியில் நிற்பதும், கோட்டுக்குப் பின்னே தள்ளி நிற்பதும் இருக்கின்றன. பின்னே தள்ளிய கால் உடலுக்கு அடியில் வந்து தூக்க வேண்டிய நேரத்தில் வராது, முதுகு ஈடுகட்டும். அடியில் வந்த கால் முன்னங்காலின் குதிகாலை இடிக்கும். ஆனால் இங்கேதான் எலும்பின் அமைப்பையும் நிற்கும் பழக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னங்கால் குளம்பில் முன்முனை நீண்டு, குதிகால் நசுங்கித் தாழ்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் குளம்பு எலும்பின் பின்பகுதி முன்பகுதியைவிடக் கீழே இறங்கிவிடும். அந்த வலியைச் சமாளிக்கக் குதிரை காலை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர் அரிவாள் கால் என்பார். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பின்னங்குளம்பில் முடி முடிந்து குளம்பு தொடங்கும் கோட்டை அப்படியே முன்னோக்கி நீட்டிப் பாருங்கள். அது முன்னங்காலின் முழங்கால் அளவில் போய் முட்டினால் பெரும்பாலும் கவலையில்லை. முழங்கை, வயிறு என்று மேலே ஏறினால் குளம்பைச் சந்தேகியுங்கள், பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தால் உறுதியாகிவிடும். இப்படி வந்த குதிரைகளுக்குக் குளம்பைச் சீராக்கத் தொடங்கிச் சில சுற்றுகளில் நிற்கும் விதமே மாறிவிடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இடுப்புச் சதையில் கை வைத்தால் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கியவையும் அடங்கின.

குட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சரியாக இருக்காது. பிறவி அமைப்பு என்று நாம் பெரிய குதிரையில் பார்க்கும் அரிவாள் கால்களில் சில, பிறந்த முதல் வாரங்களில் உண்டானவை. குதிரைக்குக் கர்ப்ப காலம் சராசரியாக 340 நாள் அளவில் இருக்கும். 320 நாளுக்கு முன்பே பிறந்த குட்டிக்கும், இரட்டையாகப் பிறந்த குட்டிக்கும் ஹாக்கின் சிறிய எலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கக்கூடும். அந்த நிலையில் தாயோடு ஓட விட்டால் எடை தாங்காமல் எலும்புகள் முன்பக்கம் ஆப்பு வடிவில் நசுங்கிவிடும். ஹாக் மடங்கியபடியே கெட்டியாகி, சின்ன வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வந்துவிடும். பிறந்தவுடன் ஓர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முற்றும்வரை சின்ன இடத்தில் அடக்கி வைத்தால் தப்பிக்க வழி உண்டு. அதேபோல, பிறந்தபோது பக்கவாட்டில் கோணலாக இருக்கும் கால்களில் பல தானாகவே நேராகும். ஆகாதவற்றுக்கு மருத்துவர் கைவைக்கக் கிடைக்கும் காலம் குறைவு. ஃபெட்லாக் மட்டத்தில் கோணல் என்றால் முதல் இரண்டு மாதத்துக்குள், ஹாக் மட்டத்தில் என்றால் நான்கு மாதத்துக்குள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து, எலும்பு வளரும் தட்டு வேகம் குறைந்த பிறகு கூப்பிட்டால் டாக்டரால் அதிகம் செய்ய முடியாது.

ஏற்கெனவே கையில் இருக்கும் குதிரைக்கு இந்தக் குறைகளில் ஒன்று இருக்கிறது என்றால், விற்றுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீர்செய்வதைத் தள்ளிப் போடாதீர்கள். சின்ன வட்டத்தில் ஓட்டுவதைக் குறையுங்கள். ஆழமான மணலில் நேர்க்கால் குதிரையை ஓட்டவே வேண்டாம். வேலையை அமைப்புக்குத் தகுந்த மாதிரி தேர்ந்தெடுங்கள். ஆனால் இனப்பெருக்கம் என்று வந்தால் எனக்கு இரக்கம் கிடையாது. நேர்க்காலும் தாழ்ந்த ஃபெட்லாக்கும் சேர்ந்து இருக்கும் பெண் குதிரை வேலைக்கு லாயக்கில்லை என்றதும், "சரி, குட்டியாவது போடட்டும்" என்று அனுப்புகிறார்கள். அந்தக் குட்டிக்கும் அதே கால் வந்தால் அது வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியது. எவ்வளவு அழகான குதிரையாக இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் மருத்துவரிடம் பொதுவாக "காலைப் பாருங்கள்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். ஹாக்குக்கு இரு பக்கமும் எக்ஸ்ரே, பின்னங்காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து விட்டவுடன் ட்ராட்டில் (நடையைவிட வேகமான துள்ளோட்டத்தில்) ஓட விட்டுப் பார்ப்பது, சஸ்பென்சரி தசைநார் தொடங்கும் இடத்தில் அழுத்திப் பார்ப்பது, இவற்றைப் பேர் சொல்லிக் கேளுங்கள். நேர்க்கால் என்று சந்தேகம் இருந்தால் அந்தத் தசைநாருக்கு அல்ட்ராசவுண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரையை லாயத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க விட்டு, வெளியே கூட்டி வரும் அந்த முதல் சில எட்டுகளைக் கட்டாயம் பாருங்கள். விற்பவர்கள் நாம் போகும் முன்பே குதிரையை நடத்திச் சூடாக்கி வைத்திருப்பார்கள்.

என்னிடம் கருத்துக் கேட்டுப் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சவாரி செய்யும் படம் வேண்டாம். கெட்டித் தரையில், கேனன் செங்குத்தாக இருக்கும்படி இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம், நேர் பின்னாலிருந்து வாலை ஒதுக்கிப் பிடித்து ஒரு படம், பின்னங்குளம்பை மட்டும் தரை மட்டத்தில் கேமராவை வைத்து ஒரு படம். கூடவே நடையும் ட்ராட்டும் ஒரு வீடியோ. எடுக்கும்போது பேசாமல் எடுங்கள், ஒவ்வொரு குளம்பும் தரையில் விழும் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் எனக்குச் சொல்ல வரும்.